தாதரில் இறங்க, குர்லாவிலேயே எழுந்திருங்கள்
(கேள்வி-பதில்)

போன மாதம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிய பயணிகள் விமானம் ஓட்டுவதைப் பற்றி இரண்டே பத்தி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. மும்பையில் தாராவியிலிருந்து முலுண்ட் வரை, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நம்மவர்கள் பலர் வானத்தில்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. இந்தத் தடவை முழுப் பகுதியும் அவர்களுக்கே.

பாண்டுப் மேற்கிலிருந்து ஒரு வாசகர்: ஏ320 விமானத்தை டவுன்லோட் செய்து ஒரு வாரம் ஆகிறது. உள்ளே போனால் ஒரே இருட்டு. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை. கெட்டுப்போச்சா?

கெடவில்லை, தூங்குகிறது. ராத்திரி பூட்டிவிட்டுப் போன விமானத்துக்குள் விடிகாலையில் விமானி ஏறும்போது அது எப்படி இருக்குமோ அப்படியே உங்களிடம் தந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் 'கோல்ட் அண்ட் டார்க்'. வீட்டில் மெயினைப் போடாமல் ஃபேன் சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றுமா?

தலைக்கு மேலே உள்ள பேனலைப் பாருங்கள். முதலில் பாட்டரி ஒன்று, பாட்டரி இரண்டு. அடுத்து 'எக்ஸ்டர்னல் பவர்' பட்டனில் பச்சை எழுத்து எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அழுத்துங்கள். திரைகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். பிறகு ஏடிஐஆர்எஸ் என்ற மூன்று குமிழ்களையும் 'நேவ்' என்ற இடத்துக்குத் திருப்புங்கள். விமானம் அசையாமல் நின்று, பூமி சுழல்வதை உணர்ந்து, உண்மையான வடக்கு எது என்று தானே கண்டுபிடிக்கும். அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். அதுவரை விமானத்தை நகர்த்தக் கூடாது.

முதல் நாள் ராத்திரி இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் வாலில் இருக்கும் குட்டி எஞ்சினான ஏபியுவைக் கிளப்புங்கள். மூன்றாம் நாள் பெரிய எஞ்சின்கள். அங்கேதான் பத்தில் எட்டுப் பேர் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினை முதலில் சுழற்றிவிடுவது காற்று. அந்தக் காற்று ஏபியுவிலிருந்து வர வேண்டும். 'ஏபியு ப்ளீட்' என்ற பட்டனை மறந்தால், மாஸ்டர் சுவிட்சை எத்தனை தடவை போட்டாலும் எஞ்சின் சும்மாவே இருக்கும்.

மாட்டுங்காவிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்: ஏர்பஸ்ஸா, போயிங்கா?

ஐயா, எதுவானாலும் சரி, ஒன்று மட்டும். ஆறு மாதத்துக்கு இன்னொன்றைத் தொடாதீர்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தால் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். போயிங் 737இல், மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ட்ரிம் சக்கரம் முழங்கால் பக்கத்தில் கடகடவென்று சுற்றும். தானியங்கி வேகத்தைக் கூட்டினால் எஞ்சின் லீவர்களும் கூடவே நகரும். இயந்திரம் என்ன செய்கிறது என்று கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். ஏர்பஸ்ஸில் ட்ரிம்மை விமானமே பார்த்துக்கொள்ளும். லீவர்களை ஏறும்போது 'கிளைம்ப்' பள்ளத்தில் வைத்துவிட்டால் இறங்கும் வரை அவை அங்கேயே கிடக்கும், எஞ்சின் மட்டும் உள்ளுக்குள் ஏறி இறங்கும். ஓடுதளத்துக்கு இருபது அடி மேலே 'ரிட்டார்ட்' என்று ஒரு குரல் வரும். லீவரைப் பின்னால் இழு என்று அர்த்தம். கையால் இயந்திரத்தைத் தொட்டு வேலை பார்த்தவருக்கு 737 சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

முலுண்டிலிருந்து ஓர் அம்மா: என் மகன் சனிக்கிழமை ராத்திரி நியூயார்க் கிளம்பினால் ஞாயிறு மத்தியானம்தான் எழுந்திருக்கிறான். திரையில் மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இது என்ன பழக்கம்? நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா, வழித்தடத்தை மாற்றச் சொல்லுங்கள். ஒரு பயணத்தில் கற்றுக்கொள்ளும் வேலை முதல் அரை மணியிலும் கடைசி அரை மணியிலும்தான் இருக்கிறது. நடுவில் பதினாலு மணி நேரம் மேகம் பார்ப்பது உடம்புக்கு ஆகாது. மும்பையிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராத்திரி பத்துக்குள் இறங்கிவிட்டுப் படுக்கப் போகலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். என் அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஒரு நாற்பது பக்க நோட்டில் செக்லிஸ்ட் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வரி மேல் வைத்து வாசிப்பார். "பீக்கன்?" என்பார். "ஆன்" என்பேன். விரல் ஒரு வரி இறங்கும். ஒரு நாள் "பார்க்கிங் பிரேக்?" என்றார். "செட்" என்றேன். விரல் நகரவில்லை. "நீ அதப் பாக்கவே இல்லையே, எங்கிட்ட பாத்துல்லா சொல்லுத" என்றார். திரும்பிப் பார்த்தேன். பிரேக் போடவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் பதில் சொல்வதற்கு முன் சுவிட்சைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அதே பொருளில், காஞ்சுர்மார்க்கிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: செக்லிஸ்ட் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. இனியும் வாசிக்க வேண்டுமா?

மனப்பாடம் ஆனபிறகுதான் ஆபத்து, தம்பி. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 என்ற நாலு எஞ்சின் விமானம் சோதனைக்கு மேலே ஏறியது. ஓட்டியவர்கள் அந்த நாட்டின் தேர்ந்த விமானிகள். தரையில் காற்றுக்கு ஆடாமல் இருக்க விமானத்தைத் திருப்பும் அசையும் பகுதிகளைப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டைத் திறக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஏறிய வேகத்தில் கீழே விழுந்தது, இரண்டு பேர் உயிர் போனது. விமானத்தில் கோளாறு இல்லை, மறதிதான். அதற்குப் பிறகுதான் விமானி கையில் அச்சடித்த பட்டியல் வந்தது. அந்த விமானமே பின்னால் பி-17 என்று பெயர் வாங்கி ஆயிரக்கணக்கில் பறந்தது.

உங்களுக்குத் தெரிந்ததையே வாசியுங்கள். தெரியாததைத் தேடத்தான் மானுவல் இருக்கிறதே.

செம்பூரிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: எப்போது பார்த்தாலும் சென்னைக்குப் பக்கத்தில் போகும்போது மிக உயரத்தில் இருக்கிறேன். மூக்கைக் குத்தினால் வேகம் எகிறுகிறது. என்ன செய்ய?

இந்தப் பகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையதுதான்.

காலை எட்டரை மணி லோக்கலில் தாதரில் இறங்க வேண்டும் என்றால் எப்போது எழுந்திருப்பீர்கள்? தாதர் போர்டு தெரிந்தபிறகு எழுந்தால் பரேலுக்குத்தான் போவீர்கள். குர்லா தாண்டும்போதே எழுந்து, முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதர்னா ஹை?" என்று கேட்டு, சயனில் ஓர் அடி, மாட்டுங்காவில் ஓர் அடி என்று கதவுக்கு நகர்ந்துவிடுவீர்கள். விமானமும் இதேதான். அந்தக் குர்லாவுக்கு 'டாப் ஆஃப் டிசென்ட்' என்று பெயர்.

கணக்கு சுலபம். இறங்க வேண்டிய உயரம் எத்தனை ஆயிரம் அடியோ, அதை மூன்றால் பெருக்குங்கள். அத்தனை கடல் மைல் முன்னால் இறங்க ஆரம்பிக்க வேண்டும். 35,000 அடியில் இருந்தால் 105 கடல் மைல், ஏறக்குறைய 195 கிலோமீட்டர். வேகத்தைக் குறைக்கக் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். மும்பையிலிருந்து நேர்கோட்டில் வந்தால் அது ஆந்திராவில் கடப்பா பக்கம் வரும். சென்னைக்கு டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எஞ்சின் சத்தம் திடீரென்று தணிந்து காது அடைப்பது தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே நடக்கும்.

மூக்கைக் குத்தினால் வேகம் கூடுவது விமானத்தின் தவறில்லை. இத்தனை டன் எடையை ஒரே நேரத்தில் இறக்கவும் நிறுத்தவும் முடியாது. தாமதமாகிவிட்டதா, இறக்கைமேல் உள்ள ஸ்பீட் பிரேக்கை எழுப்புங்கள். அதுவும் போதவில்லை என்றால் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கடைசி இறக்கத்துக்கும் ஒரு கணக்கு: தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 140 நாட் என்றால் நிமிஷத்துக்கு 700 அடி. அதுதான் மூன்று டிகிரிச் சரிவு.

தாராவியிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவன்: எங்கள் வீட்டில் இருப்பது அண்ணனின் பழைய கம்ப்யூட்டர். புது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் அதில் திறக்கவே இல்லை. நான் என்ன செய்வது?

தம்பி, புதியது வேண்டாம். ஃப்ளைட்கியர் என்று ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து செய்தது. காசு கிடையாது. எக்ஸ்-பிளேனுக்கும் இலவச டெமோ உண்டு. பழைய சிமுலேட்டர்களில் விமானம் இன்றும் நன்றாகவே பறக்கிறது. நிலப்பரப்புதான் அழகாக இராது. காசு சேர்ந்தால் முதலில் ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக் வாங்கு. லேமிங்டன் ரோட்டில் செகண்ட் ஹாண்ட் கிடைக்கும், பிடித்து ஆட்டிப் பார்த்து வாங்கு. பின்னாளில் நல்ல கம்ப்யூட்டர் அமைந்தால், ஃப்ளை பை வயர் என்ற குழு ஏ320நியோவை இலவசமாகவே தருகிறது. அதன் மானுவலை இப்போதே போனில் படிக்க ஆரம்பிக்கலாம்.

உனக்கு ஒரு கதை. விமானம் ஓட்டப் பழக்கும் முதல் நல்ல இயந்திரத்தை 1929இல் செய்தவர் எட் லிங்க். அவர் அப்பா ஆர்கன் செய்கிறவர். மகனும் அந்தத் தொழில் தெரிந்தவர். கம்ப்யூட்டர் ஏது அப்போது? ஆர்கனுக்குள் காற்று அடைக்கும் துருத்திகளை எடுத்து, ஒரு மரப்பெட்டிக்குக் கீழே பொருத்தி, அதைச் சாய்க்கவும் திருப்பவும் வைத்தார். பஜனை மடத்து ஹார்மோனியத்துக்குப் பின்னால் விரியும் துருத்தியைப் பார்த்திருப்பாய் அல்லவா, அதன் உறவுதான். முதலில் பொருட்காட்சிகளில் வேடிக்கைக்குத்தான் வாங்கினார்கள். 1934இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப் போய், மேகத்துக்குள் வழி தெரியாமல் விமானிகளைப் பறிகொடுத்தது. அதன் பிறகு ஆறு பெட்டி வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் பழகினார்கள். உன் பழைய கம்ப்யூட்டர் அதைவிட எவ்வளவோ மேல்.

காட்கோபரிலிருந்து ஒரு வாசகி: வெளியே பார்த்தே இறங்கிவிடுகிறேன். முன்னால் இருக்கும் இத்தனை கருவிகளைப் படித்தே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். நம் ஊரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

1953 ஜூலை 15 அன்று பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் ஜெட் ஒன்று சாந்தாக்ரூஸ் விமான நிலையத்தில் இறங்குவதாக நினைத்து ஜூஹுவில் இறங்கியது. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 அதையே செய்தது. இரண்டு ஓடுதளங்களும் பக்கத்துப் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே திசையில் கிடக்கின்றன. ஜூஹு ரொம்பச் சின்னது. டிசி-8 ஓடுதளத்தைத் தாண்டிப் போய் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த விமானம் மறுபடி பறக்கவில்லை. கண்ணுக்கு அது ஓடுதளம்தான், கருவியைக் கேட்டிருந்தால் இது அந்த ஓடுதளம் இல்லை என்று சொல்லியிருக்கும்.

இன்னொன்றை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது. 1978 ஜனவரி 1 இரவு, துபாய் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' 747, பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வலது பக்கம் திரும்பி நேரானபிறகும், கேப்டனுக்கு முன்னால் இருந்த, சாய்வைக் காட்டும் கருவி வலது பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் அதை நம்பி இடது பக்கம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். வெளியே இருட்டுக் கடல், அடிவானம் இல்லை. இப்படி ஒன்று கெடலாம் என்பதால்தான் விமானத்தில் அதே கருவி இரண்டு விமானிகளுக்கும் தனித்தனியே ஒன்று, நடுவில் மூன்றாவதாக ஒன்று. சிமுலேட்டரில் கருவியைக் கெட்டுப்போக வைக்கும் வசதி உண்டு. ஒரு ராத்திரி மேகத்துக்குள் உங்கள் பக்கத்துக் கருவியை நிறுத்திவிட்டு, மற்ற இரண்டை வைத்து இறக்கிப் பாருங்கள். கண் தன்னாலேயே மூன்றையும் சுற்றிவரப் பழகிவிடும்.

நாஹூரிலிருந்து ஒருவர்: நிஜ விமானத்தில் இரண்டு விமானிகளும் மயங்கிவிட்டால் நான் இறக்கிவிடுவேனா?

பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், அண்ணாச்சி. ஒரே நேரத்தில் இருவரும் விழுவது அரிது என்பதால்தான் இருவரை வைத்திருக்கிறார்கள், இருவருக்கும் வேறு வேறு சாப்பாடு கொடுக்கும் வழக்கமும் அதனால்தான். 2022 மே மாதம் ஃப்ளோரிடாவில் விமானி செயலிழந்துபோக, ஒரு பயணி கண்ட்ரோலர் சொல்லச் சொல்லக் கேட்டு விமானத்தை இறக்கியது உண்மை. அது ஒற்றை எஞ்சின் செஸ்னா. நமக்குச் சுவிட்சுகள் தெரியும். உடம்பு ஆடும்போது கை என்ன செய்யும் என்று தெரியாது.

பாண்டுப் கிழக்கிலிருந்து ஒரு மாணவி: சிமுலேட்டரில் நானூறு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். லைசென்ஸுக்குச் சேருமா?

ஒரு மணி நேரம்கூடச் சேராது, தங்கச்சி. கமர்ஷியல் லைசென்ஸுக்கு, விமானத் துறையை நெறிப்படுத்தும் டிஜிசிஏ கேட்பது வானத்தில் 200 மணி நேரம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். விதிகள் மாறும், சேருவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடு. நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கல் என்று தேர்வுகள் உண்டு. ரேடியோ பேசத் தனி லைசென்ஸ். யாருக்கும் ஒரு ரூபாய் கட்டும் முன் மெடிக்கல் எடுத்துக்கொள். வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டியபிறகு நிறக்குருடு என்று தெரியவந்த பையனை எனக்குத் தெரியும்.

நானூறு மணி நேரம் வீணா என்றால் இல்லை. நேவிகேஷன் புத்தகத்தில் ஐஎல்எஸ், விஓஆர் என்று ரேடியோ வழிகாட்டிகள் வரும்போது மற்றவர்கள் படம் பார்த்து மனப்பாடம் செய்வார்கள். உனக்கு அந்த முள் நகர்வது கண்ணில் தெரியும். ஒரே எச்சரிக்கை, முதல் நாள் பயிற்சியாளர் சொல்வதை உனக்கு முன்பே தெரிந்ததாக எண்ணிக் கேட்காதே. வீட்டில் ஓட்டியவர்கள் வெளியே பார்க்காமல் கருவியையே பார்ப்பார்கள் என்பது பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் குறை.

சயனிலிருந்து ஒரு வாசகர்: சிமுலேட்டர்காரர்கள் ஆன்லைனில் கூடும் வாட்சிமில் கண்ட்ரோலரோடு பேச ஆசை. இங்கிலீஷ் வராது.

அங்கே பேசுவது இங்கிலீஷே இல்லை, நூறு நூற்றைம்பது வாக்கியம். மூன்று 'ட்ரீ', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. எண்கள் காதில் தவறிவிடக் கூடாது என்று உலகமே சேர்ந்து வைத்த உச்சரிப்பு. அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. முதல் வாரம் எழுத்திலேயே பதில் அனுப்பலாம், அதற்கும் இடம் உண்டு. எதிரில் இருப்பவரும் சம்பளம் இல்லாமல், ஆசையில் உட்கார்ந்திருப்பவர்தான்.

முலுண்ட் செக் நாகாவிலிருந்து: லைவ் வெதர் என்றால் நிஜமாகவே லைவா?

ஜூலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டிப் பாருங்கள். திரையிலும் மழை, கிரில்லிலும் மழை. அந்த நேரத்தில் மேற்கிலிருந்து காற்று அடிப்பதால் மும்பையில் பெரும்பாலும் 27ஆம் ஓடுதளம்தான். கரண்ட் போகும் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் இறங்க ஆரம்பிக்காதீர்கள்.

தாராவியிலிருந்து, சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம்: தூத்துக்குடியில் ஏ320ஐ இறக்கலாமா?

நல்ல ஆசை. ரொம்ப வருஷம் அங்கே ஓடுதளம் 1,350 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி ப்ரொப்பெல்லர் விமானத்துக்கு அது போதும், ஏ320க்குப் போதாது. இப்போது 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள், புது டெர்மினலும் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. உங்கள் சிமுலேட்டரில் பழைய நீளமே இருக்கலாம். கிளம்பும் முன் மேப்பில் அளந்து பாருங்கள். பழையதாக இருந்தால் மதுரையில் இறங்குங்கள். ஊருக்குப் போகிற பழைய வழியும் அதுதானே.

பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஒரு பறவை ஆர்வலர்: உங்கள் சிமுலேட்டரில் பூநாரைகள் உண்டா?

உங்கள் கேள்வி என்னைக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்தது. சில சிமுலேட்டர்களில் பறவைகள் உண்டு. தாணே க்ரீக்கின் பூநாரைகளை நான் திரையில் பார்த்ததில்லை.

27ஆம் ஓடுதளத்துக்கு வரும் விமானம் நவி மும்பைப் பக்கத்திலிருந்து க்ரீக்கைக் கடக்கிறது. மூன்று கடல் மைல் தொலைவில் ஆயிரம் அடி. நேராகவும் வேகம் சரியாகவும் இல்லையென்றால் மேலே போய்விட வேண்டும் என்று விமானிகள் வைத்திருக்கும் எல்லை அது. அந்த நேரத்தில் கீழே இருப்பது கரையோர அலையாத்திக் காடு. வடக்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி நம் பாண்டுப். ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால் லாண்டிங் லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து வருவது தெரியும். பல நாள் அதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து அதே வழியில் நானும் இறங்குவேன்.

2024 மே மாதம் ஒரு ராத்திரி அதே வழியில் இறங்க வந்த விமானத்தில் பூநாரைக் கூட்டம் மோதியது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. காட்கோபரில் தெருவிலும் வீடுகளுக்கு இடையிலும் முப்பதுக்கும் மேற்பட்ட பறவைகள் செத்துக் கிடந்தன. அதற்குப் பிறகு க்ரீக்கைக் கடக்கும் அந்தச் சில விநாடிகள் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன. திரையில் கீழே வெறும் இருட்டுதான். அங்கே ஒற்றைக் காலில் தூங்குகிறவை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அம்மாவிடமும் சொன்னேன். மும்பைக்குத் திரும்பும் நாட்களில் லாண்டிங் செக்லிஸ்ட் வாசித்து முடித்ததும் நோட்டில் இல்லாத ஒரு வரியை அவராகவே கேட்கிறார்:

"பறவ ஏதும் இருக்கா?"

ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.